பாஸ்கல் சொன்ன மூன்று ‘வேண்டாம்’

திரேஸ்புரத்தில் பாஸ்கலைத் தெரிந்தவர்களுக்கு அவர் வாயிலிருந்து முதலில் என்ன வரும் என்பதும் தெரியும். காப்பி குடிக்கிறீர்களா என்றால் வேண்டாம். மின்விசிறியைப் போடட்டுமா என்றால் வேண்டாம். மகள் டயானாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தபோதும் அதே சொல்தான். அதற்காக அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. வேண்டாம் என்ற காப்பியைக் கொஞ்ச நேரம் கழித்து அவரே எடுத்துக் குடித்துவிடுவார். நர்சிங் வேண்டாம் என்று வீட்டையே இரண்டாக்கியவர், ஒருநாள் காலை யாரிடமும் சொல்லாமல் கல்லூரிக்குப் போய் இடத்தை உறுதி செய்துவிட்டு வந்தார்.

அவருடைய மனைவி மெற்றில்டா இந்தச் சுபாவத்துக்குப் பழகிப்போயிருந்தாள். ஒரு தடவை கேட்பாள். அவர் வேண்டாம் என்பார். விட்டுவிட்டு மறுநாள் வேறு பேச்சின் நடுவே மறுபடி கேட்பாள். அப்படியே மூன்று தடவை. நாலாவது தடவை கேட்கும்போது, “சரி, ஒங்க இஷ்டம்” என்று வந்துவிடும். அந்த வீட்டில் எந்த நல்ல காரியமும் இப்படித்தான் நடந்தது.

மீசை அரும்பிய வயதில் சங்கு குளிக்கப் போனவர் பாஸ்கல். கடலடியில் கிடந்து சங்கு பொறுக்கிய காலத்தில் ஒருநாள் இடது காதுக்குள் ஏதோ வெடித்ததுபோல் இருந்தது. மேலே வந்தபோது காதிலிருந்து ரத்தம் வடிந்தது. அதற்குப் பிறகு அந்தக் காதுக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. டாக்டர் இனிமேல் சங்கு குளிக்கக் கூடாது என்றுவிட்டார். மீதிக் காலத்தை ஒரு லாஞ்சில் ஓட்டினார். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறியும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுக்கிற லாஞ்சு. எத்தனையோ நாட்டுக் கப்பல்களின் பக்கவாட்டை அவர் கையால் தொட்டிருக்கிறார். கயிற்றேணியில் பாதி ஏறி மூட்டையைக் கைமாற்றிவிட்டு இறங்கியிருக்கிறார். ஒரு கப்பலிலாவது ஏறி ஓர் இடத்துக்குப் போனதில்லை. போகவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அல்லது தோன்றவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

டயானா சிங்கப்பூரில் நர்சாக இருக்கிறாள். மாப்பிள்ளை ஜெஸ்டினுக்கு அங்கேயே கப்பல் பட்டறையில் வேலை. ஐப்பசியில் ஒருநாள் டயானா போன் செய்தாள்.

“அப்பா, நானும் அவியளும் லீவு போட்டு கப்பல்ல போகப் போறோம். சிங்கப்பூர்ல ஏறுனா பினாங்கு, புக்கெட்டுன்னு சுத்திட்டு திரும்ப இங்கனயே கொண்டாந்து விட்டுருவான். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதுக்குள்ளயே. ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரு கேபின் போடுதேன். வாரியளா?”

பாஸ்கல் போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: “ஆயுசு பூரா கடல்லதான கெடந்தேன். இன்னும் அதுல என்னத்த பாக்கணும்? வேண்டாம்மா. நீங்க சந்தோசமா போயிட்டு வாங்க.”

மறுநாள் மெற்றில்டா மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள். “புள்ள ஆசையா கூப்புடுதா. ஒரு எட்டு போயிட்டு வந்தா என்ன?”

“வேண்டாம்ளா.”

மூன்றாவதாக மாப்பிள்ளையே பேசினார். “மாமா, இந்த ஆஃபர் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் இருக்கு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“இல்ல மாப்ள, எனக்கு வேண்டாம். மெற்றில்டாவ வேணும்னா கூட்டிட்டுப் போங்க.”

சொல்லிவிட்டுப் போனை வைத்தார். மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. கணக்கு என்று அவருக்கே தெரியாத கணக்கு. இன்னொரு தடவை கேட்பார்கள். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெற்றில்டா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“டயானா பேசுனா. ஒங்க எடத்துக்கு கிளாடிஸ் மதினியக் கேட்டாளாம். அவிய ஒடனே சரின்னுட்டாவளாம். நானும் மதினியும் ஒரே கேபினு.”

கிளாடிஸ், ஜெஸ்டினின் அம்மா. புருஷன் போனபின் முத்தையாபுரத்தில் தனியாக இருக்கிறவர். கலகலப்பானவர். யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்தவர் இல்லை.

“நல்லதுதான,” என்றார் பாஸ்கல். “தனியா கெடக்காவ. போயிட்டு வரட்டும்.” பிறகு, “சோத்தப் போடு,” என்றார்.

மெற்றில்டா ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. அவர் தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. மெற்றில்டாவைக் கப்பலுக்குத் தயார் செய்கிற வேலை முழுவதையும் பாஸ்கல் தன் தலைமேல் போட்டுக்கொண்டார்.

முதலில் பாஸ்போர்ட். ஆதாரில் அவள் பெயர் ஒரு மாதிரி, பள்ளிக்கூடச் சான்றிதழில் வேறு மாதிரி. ஒன்றில் ‘ற்’ ஒலிக்கு இரண்டு எழுத்து, மற்றதில் ஒன்று. கோயில் ஞானஸ்நானப் பதிவில் மூன்றாவதாக ஓர் எழுத்துக்கூட்டல். பாஸ்கல் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். விண்ணப்பம் போட்டுக்கொடுக்கிற கம்ப்யூட்டர் கடையில் இருந்த சிவப்பிரகாஷ் என்ற பையன் கேட்டான்: “அண்ணாச்சி, ஒங்களுக்கும் சேத்துப் போட்டுருவமா? எப்பிடியும் அம்மாகூட திருநவேலி ஆபீசுக்கு வரத்தான போறிய. ஒரே அலைச்சலோட முடிஞ்சிரும்.”

“எனக்கு எதுக்குடே? வேண்டாம்.”

அவன் ஒரே ஒரு தடவைதான் கேட்டான். அடுத்த ஆளின் விண்ணப்பத்தைத் திறந்துவிட்டான்.

பாஸ்போர்ட் வந்ததும் சாமான் சேர்க்கிற படலம் தொடங்கியது. டயானா ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். பாஸ்கல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். கப்பலில் ஏறும்போதே பெரிய பெட்டியை வாங்கிக்கொள்வார்களாம். அது கேபின் வாசலுக்கு வந்துசேர சாயந்திரம் ஆகிவிடுமாம். ஆகையால் பிரஷர் மாத்திரை, மாற்று உடுப்பு, பாஸ்போர்ட் எல்லாம் தோளில் மாட்டுகிற பையில் இருக்கவேண்டும். இஸ்திரிப் பெட்டியும் தண்ணீர் கொதிக்கவைக்கிற சாமானும் உள்ளே விடமாட்டார்கள். ஒருநாள் ராத்திரி எல்லோரும் நல்ல உடுப்பில் சாப்பிட வரவேண்டும். அதற்கு ஒரு பட்டுச்சேலை போதும். பகலுக்குப் பருத்திச் சுடிதார்தான் வசதி.

மெற்றில்டா சுடிதார் போட்டதே இல்லை. “இந்த வயசுல இத மாட்டிக்கிட்டு தெருவுல நடந்தா சிரிக்க மாட்டாவளா?” என்றாள்.

“கப்பல்ல ஒனக்கு யாரு தெரிஞ்சவிய? காத்துல சேலை நிக்காது. மேல்தட்டுல காத்து ஆளத் தூக்கும்,” என்றார் பாஸ்கல்.

கடைக்கும் அவரே கூட்டிப்போனார். மேல்தட்டு எப்போதும் ஈரமாக இருக்கும், வழவழ செருப்பு ஆகாது என்று அடியில் ரப்பர் பல் வைத்த கேன்வாஸ் ஷூவைத் தேடி வாங்கினார். கடைக்காரர் முன்னாலேயே அவர் ஷூவைத் திருப்பி நகத்தால் சுரண்டிப் பார்த்ததைக் கண்டு மெற்றில்டாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெயிலுக்குப் பூசுகிற கிரீம் வாங்கினார்கள். அகல விளிம்பு வைத்த ஒரு தொப்பியை அவள் கண்ணாடி முன்னால் வைத்துப் பார்த்துவிட்டு, சட்டென்று கழற்றினாள். “நல்லாத்தான இருக்கு,” என்றார் பாஸ்கல். அவள் மறுபடி வைத்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பு இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கடைக்கு வெளியே வந்தபோது, மற்றவர்கள் அந்தச் சிரிப்பைப் பார்க்கப் போகிறார்களே என்று ஒரு நினைப்பு வந்தது. அது என்ன நினைப்பு என்று அவர் நின்று யோசிக்கவில்லை.

புக்கெட் பக்கத்தில் ஒரு தீவில் இறக்கிவிடுவார்களாம். மிதவைச் சட்டை மாட்டி, முகத்துக்குக் கண்ணாடியும் வாயில் குழாயும் கொடுத்து, தண்ணீரில் மிதந்தபடி அடியில் பார்க்கச் சொல்வார்களாம். “அம்மா பயப்படுவாவ, அப்பா. நீங்க கொஞ்சம் பழக்கிக் குடுங்க,” என்றாள் டயானா.

பாஸ்கல் கூட்டாளி ஒருவரிடம் கண்ணாடியும் குழாயும் வாங்கி வந்தார். கொல்லையில் துணி ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தார். மெற்றில்டா நைட்டியோடு குனிந்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். வைத்த வேகத்தில் இருமிக்கொண்டு எழுந்தாள்.

“மூக்கால இழுக்கக் கூடாது. வாயால இழு, மெதுவா விடு. அவசரமே கெடையாது. கடல் எங்கேயும் ஓடிப்போகாது.”

நாலைந்து தடவைக்குப் பிறகு பிடிபட்டது. குழாய் புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டது. அவள் நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினாள். மூக்கைச் சுற்றி வட்டமாகத் தடம் பதிந்திருந்தது.

“என்ன தெரியுது?” என்று கேட்டார்.

“தொட்டியோட அடிதான் தெரியுது. நீங்க குளிச்சப்போ என்ன தெரியும்?”

முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அதைக் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. பாஸ்கல் தொட்டிக் கரையில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். தண்ணீர் தெளிவாக இருக்கிற நாளில் வெயில் அடிவரைக்கும் கம்பிகம்பியாக இறங்கும் என்று சொன்னார். சங்கு மணலுக்குள் புதைந்துதான் கிடக்கும்; அது நகர்ந்த தடம் மட்டும் கோடு இழுத்ததுபோல் தெரியும். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போகவேண்டும். ஒரு தடவை பெரிய திருக்கை ஒன்று பாய் விரித்த மாதிரி தலைக்குமேல் போயிற்று. இருட்டிவிட்டது என்று நினைத்தாராம். மெற்றில்டா ஈரத் தலையோடு கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் இருவரும் எழுந்தார்கள்.

வாடைக் காற்று அடங்கிய தை மாசத்தில், கப்பல் ஆட்டம் பெண்கள் இரண்டு பேருக்கும் ஒத்துக்கொள்ளுமா என்று பார்த்துவிடலாம் என்றார் பாஸ்கல். அவருடைய கூட்டாளி ரேமண்டிடம் மீன்பிடி வள்ளம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. காலைப் பூசை முடிந்து மெற்றில்டாவும் முத்தையாபுரத்திலிருந்து வந்த கிளாடிஸும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வள்ளத்தில் ஏறினார்கள். மெற்றில்டாவின் அப்பன் கடல் தொழில், அண்ணன்மார் கடல் தொழில், புருஷன் கடல் தொழில். ஆனால் அவள் கடலுக்குள் போவது அன்றுதான் முதல் தடவை.

துறைமுகத்துக் கல்சுவரைத் தாண்டியதும் அலை தூக்கிப் போட்டது. கொஞ்ச நேரத்தில் கிளாடிஸ் முகம் வெளுத்து, கையில் வைத்திருந்த பிளாஸ்டிக் பைக்குள் வாந்தி எடுத்தார். “கீழ பாக்காதிய மதினி, தூரத்துல பாருங்க,” என்று பாஸ்கல் சொல்லிக்கொடுத்ததையே மெற்றில்டா அவருக்குச் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் தெறித்து முகமெல்லாம் உப்பாகியும் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச தூரத்தில் சரக்குக் கப்பல் ஒன்று நங்கூரம் போட்டு நின்றது. “இம்புட்டுப் பெரிய கப்பல்லயா நீங்க ஏறுவிய?” என்று கேட்டாள்.

“ஏணி பாதி வரைக்கும்.”

ரேமண்ட் வள்ளத்தைத் திருப்பினார். மெற்றில்டா கரைப் பக்கம் பார்த்தாள். மாதா கோயில் கோபுரமும் வீடுகளும் உப்புக் குவியல்களும் அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டும் ஒரே வரிசையாக வெயிலில் தெரிந்தன. அவள் எழுந்து நிற்கப் பார்த்தாள். பாஸ்கல் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நம்ம ஊரு இங்கன இருந்து பாத்தா இப்பிடியா இருக்கும்!” என்றாள். “இத தெனமும் பாத்தியளா நீங்க?”

“ம்.”

“கல்யாணமான புதுசுல ஒருநாள் என்னையும் வள்ளத்துல கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா? பொம்பளைய கூட்டிட்டுப் போனா கரையில சிரிப்பாவன்னிய.”

அவள் உட்கார்ந்திருந்தது அவருடைய இடது பக்கம். கேட்காததுபோல் இருந்துவிட்டார். நன்றாகவே கேட்டது.

அந்த வள்ளத்தில்தான் பாஸ்கலுக்கு ஆசை வந்தது. ஆசை என்றால் லேசான ஆசை இல்லை. இன்னும் கொஞ்ச நாளில் இவள் மாடி மாடியாக எழும்பி நிற்கிற ஒரு கப்பலின் மேல்தட்டில் நிற்பாள். முன்பின் பார்க்காத ஊர் ஒன்று கடலிலிருந்து எழும்பி வரும். இவள், இப்பிடியா இருக்கும் என்று இதே குரலில் கேட்பாள். பக்கத்தில் இருக்கப்போவது பிளாஸ்டிக் பையோடு கிளாடிஸ்.

இரண்டு நாள் அதை மனசுக்குள்ளேயே போட்டுப் புரட்டினார். மூன்றாம் நாள் மெற்றில்டா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து டயானாவைக் கூப்பிட்டார். எங்கெங்கோ பேச்சைச் சுற்றிவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, அந்தக் கப்பல்ல கூட்டம் ரொம்பவோ?”

“ஃபுல்லுப்பா. பள்ளிக்கூட லீவுல்லா. நாங்க மொதல்லயே போட்டதாலதான் கெடச்சுது. எதுக்குக் கேக்கிய?”

“இல்ல, சும்மா. ஒங்கம்மாவுக்குக் கூட்டத்துல தலைசுத்தும்லா, அதான்.”

“அதெல்லாம் நான் பாத்துக்கிடுவேன்பா.” பிறகு டயானா சொன்னாள்: “நீங்களும் வந்திருக்கலாம்.”

வந்திருக்கலாம் என்றுதான் சொன்னாள். வாருங்கள் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் பாஸ்கலுக்கு நன்றாக விளங்கியது.

கடைசியாக ஒரு வாய்ப்பும் வந்தது. பெட்டியில் இடம் போதவில்லை என்று கிளாடிஸ் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். டயானாவுக்கு மக்ரூன் இனிப்பு டப்பாக்கள், கருப்பட்டி, இரண்டு பேரின் உடுப்பு எல்லாம் கட்டிலில் பரந்து கிடந்தன. மெற்றில்டா தேநீர் போடப் போனபோது கிளாடிஸ் மெதுவான குரலில் சொன்னார்:

“அண்ணாச்சி, ஒங்க எடத்த நான் புடிச்சுக்கிட்டேன்னு எனக்கு உறுத்திக்கிட்டேதான் இருக்கு. அன்னைக்கு வள்ளத்துல நீங்க மெற்றில்டாவப் பாத்த பார்வையைப் பாத்தேன். ஒங்களுக்கு ஆசை இருந்தா சொல்லுங்க. நான் ஜெஸ்டின்ட்ட பேசுதேன். பேரு மாத்த வழியிருக்கான்னு கேப்பான். நான் இன்னொரு வாட்டி போயிக்கிடுதேன்.”

பாஸ்கல் மடித்துக்கொண்டிருந்த துண்டை மறுபடி பிரித்து மடித்தார். இந்த மனுஷி புருஷன் போனதிலிருந்து எங்கேயும் போனதில்லை. சுடிதார்கூட இரண்டு தைத்துவிட்டார். இவரிடம் பாஸ்போர்ட்டும் இல்லை. எடுக்க நாளும் இல்லை. இதெல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் வாயில் முந்திக்கொண்டு வந்தது பழைய சொல்தான்.

“சே, வேண்டாம் வேண்டாம். எனக்கென்ன ஆசை? நான் பாக்காத கடலா?”

கிளாடிஸ் நம்பிவிட்டார். அல்லது நம்பியது மாதிரி விட்டுவிட்டார்.

விமானம் திருச்சியிலிருந்து. வேன் பிடித்து மூன்று பேரும் போனார்கள். வழியெல்லாம் பாஸ்கல் சொல்லிக்கொண்டே வந்தார்: ஏறின முதல் நாளே ஆபத்துக் காலத்தில் எங்கே கூடவேண்டும் என்று காட்டிக்கொடுப்பார்கள், அதற்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். ராத்திரி சாப்பாட்டை மட்டாக வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சி மிட்டாய் கைப்பையின் வெளி அறையில் இருக்கிறது. ஊர் பார்க்க இறங்கினால் கப்பல் புறப்படுகிற நேரத்தை மறந்துவிடாதீர்கள், அது யாருக்காகவும் நிற்காது. மெற்றில்டா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

விமான நிலைய வாசலில் தள்ளுவண்டியில் பெட்டிகளை ஏற்றிக் கொடுத்தார். காவலர் பாஸ்போர்ட்டைப் பார்த்து இருவரையும் உள்ளே விட்டார். இரண்டடி போன மெற்றில்டா திரும்பினாள். தலையில் அந்தத் தொப்பி. முகமெல்லாம் சிரிப்பு.

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல,” என்று அங்கிருந்தே சத்தமாகக் கேட்டாள். “வாரியளா?”

“வாரேன்,” என்றார் பாஸ்கல்.

கிளாடிஸ் சிரித்தார். காவலரும் சிரித்தார். மெற்றில்டா அந்தச் சிரிப்போடு கையைக் காட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள். பாஸ்கல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொப்பி மறைகிறவரை நின்றார். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று இவ்வளவு சுலபமாக அந்த வார்த்தையைச் சொல்ல முடியும் என்றால், ஐப்பசியில் ஏன் முடியவில்லை? திரும்பி வருகிற வழியில் வேன் டிரைவர் ஏதோ பேசிக்கொண்டே வந்தான். ஒன்றும் காதில் விழவில்லை.

மெற்றில்டா கப்பலிலிருந்து ஒருநாள் வீடியோவில் பேசினாள். காற்றில் பாதி கேட்கவில்லை. வானமும் அவள் நெற்றியும்தான் மாறிமாறித் தெரிந்தன. அப்புறம் கப்பலுக்குள் போனுக்கு இணைப்பு இல்லை. வீட்டில் இருந்த பாஸ்கல் மீன் வாங்கப் போவதும், ஒற்றை ஆளுக்கு உலை வைப்பதும், கடற்கரைக்குப் போய் உட்கார்வதுமாக நாளைக் கழித்தார். எதிரே தெரிந்த கடல் அவருக்கு அந்நியமாக இருந்தது. இந்நேரம் வேறொரு கரையில் மெற்றில்டா அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்கும்போது, அதை இத்தனை வருஷம் தனக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருந்ததுபோல் அவருக்குத் தோன்றியது.

அவள் கறுத்து, மெலிந்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு திரும்பிவந்தாள். சாப்பாட்டுக் கூடம் நம் பங்குக் கோயில் அளவு என்றாள். கிளாடிஸுக்கு ஒரு தடவைகூட வாந்தி வரவில்லை என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் அழுதுவிட்டாளாம். கண்ணாடிக்குள்ளேயே கண்ணீர் தேங்கி ஒன்றும் தெரியாமல் போய்விட்டதாம்.

பாஸ்கல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மீன் முள்ளை எடுத்தபடி கேட்டார்: “என்னய நெனச்சியா?”

மெற்றில்டா பொய் சொல்லத் தெரியாதவள். “மொத ரெண்டு நாளும் நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன். எதப் பாத்தாலும் நீங்க இருந்தா நல்லாருக்குமேன்னு இருந்துது. பொறவு மறந்துட்டேன்,” என்றாள். சொன்ன பிறகுதான் அவர் முகத்தைக் கவனித்தாள். “நீங்கதான வேண்டாம்னிய?”

“திருச்சியில வாரேன்னேம்லா. அது வெளையாட்டுக்குச் சொன்னது இல்ல.”

அவள் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. “எப்பருந்து?”

“ரேமண்ட் வள்ளத்துல போனமே, அன்னையிலருந்து.”

“மதினி ஒங்ககிட்ட வந்து கேட்டாவளாமே! எங்கிட்ட சொன்னாவ. அப்பகூட வாயத் தொறக்கலையா?”

“அவிய ஆசையக் கெடுக்க வேண்டாம்னுதான்…”

“அவியளுக்காக ஒண்ணுமில்ல,” என்றாள் மெற்றில்டா. “கேட்டதும் சரின்னு சொன்னா கொறஞ்சு போயிருவம்னு ஒங்களுக்கு ஒரு நெனப்பு. ஒவ்வொண்ணுக்கும் ஒங்க பொறத்தால வந்து கெஞ்சணும். எனக்கும் அலுத்துப்போச்சு. அந்த ஞாயித்துக்கெழம குசினியில இருந்து வந்து நின்னேனே, இன்னொரு வாட்டி கேப்பமான்னுதான் நின்னேன். எப்பவும் நான்தான் கேக்கணுமான்னு இருந்துது. கேக்கல. போங்க!”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவளுக்கும் அதில் ஒரு குற்றவுணர்வு இருந்தது என்பது பாஸ்கலுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் போலிருந்தது. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தன் தட்டைத் தானே கழுவி வைத்தார்.

அடுத்த வாரம் அவரே சிவப்பிரகாஷ் கடைக்குப் போய்த் தனக்கு விண்ணப்பம் போட்டார். அவன் எங்கே பயணம் என்று கேட்டான். தெரியவில்லை என்றார். பாஸ்போர்ட் வந்துசேர்ந்தபோது டயானாவும் ஜெஸ்டினும் மெல்போர்னுக்கு மாறிப் போயிருந்தார்கள். புது வேலை, புது வீடு. கப்பல் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுக்கிற நிலையிலும் அவர்கள் இல்லை. பாஸ்கல் இப்போது எது கேட்டாலும் சட்டென்று சரி என்றுவிடுகிறார். கேட்பவர்கள்தான் திகைத்துப்போகிறார்கள். ரேமண்ட் வள்ளத்தில் மறுபடி போகலாமா என்று மெற்றில்டாவிடம் அவராகவே கேட்டார். இரண்டு ஞாயிறு போனார்கள். மூன்றாவது தடவை ஏறும்போது அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. டாக்டர், இனிமேல் வள்ளத்தில் தாவி ஏறுகிற வேலை வேண்டாம் என்றுவிட்டார்.

கார்த்திகை மழை பிடித்த ஒரு சாயந்திரம். வெளியே போக வழியில்லை. மெற்றில்டா போனை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கப்பல் படங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். வந்த புதிதில் மளமளவென்று தள்ளிவிட்ட படங்கள். இப்போது ஒவ்வொன்றிலும் நிறுத்தி, படத்துக்கு வெளியே இடது பக்கம் என்ன இருந்தது, வலது பக்கம் யார் நின்றார்கள் என்றெல்லாம் சொன்னாள். பாஸ்கல் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு படத்தில் மேல்தட்டுக் கம்பியும் அதற்கு அப்பால் தீவு ஒன்றும் தெரிந்தன.

“இங்கன நின்னுதான் பாத்தேன். தீவு பக்கத்துல வர வர, மலையெல்லாம் ஒண்ணொண்ணா பிரிஞ்சு தெரிஞ்சுது,” என்றாள்.

“காத்து எந்தப் பக்கமிருந்து அடிச்சுது?” என்று கேட்டார்.

மெற்றில்டா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“தெரியலையே. நீங்க நின்னிருந்தா சொல்லியிருப்பிய,” என்றாள். பிறகு அடுத்த படத்தைத் தள்ளினாள்.